எம்.பி.ஏ-ன்னா பிசினஸ் மட்டுமா? கூத்து பார்த்து வளர்ந்த செஞ்சிப் பிள்ளைகளுக்கு ஒரு நாடகப் படிப்பு கைடு!

வீட்டில் "நான் எம்.பி.ஏ படிக்கப் போறேன்" என்று சொல்லிப் பாருங்கள். எல்லோருக்கும் சந்தோஷம். "பிசினஸ் இல்லப்பா, மாஸ்டர் ஆஃப் பெர்ஃபார்மிங் ஆர்ட்ஸ்... நாடகம்" என்று அடுத்த வரியைச் சொல்லும்போதுதான் டி.வி சவுண்டு குறையும். "கூத்தாடுறதுக்கா டிகிரி வரைக்கும் படிக்க வெச்சோம்?" என்று அப்பா கேட்பார். "அதுக்கப்புறம் நாடக சிகிச்சை படிக்கலாம்னு இருக்கேன்" என்று சொல்லிவிட்டால் போச்சு. "நாடகம் போட்டா நோய் போயிடுமா?" என்று அம்மாவும் சேர்ந்துகொள்வார்.

கேள்வி நியாயமானதுதான். அதற்குப் பதில் சொல்ல உங்களிடம் சரியான தகவல் இருக்க வேண்டும். நாடக சிகிச்சை என்றால் என்ன, அதற்கு எந்த வழியாகப் போவது, எங்கே ஏமாறாமல் இருப்பது, வேலை எங்கே கிடைக்கும்? செஞ்சி, மேல்மலையனூர், திண்டிவனம் பக்கம் இருந்து இதை யோசிக்கிறவர்களுக்கு இந்தக் கட்டுரை.

முதலில், நாடக சிகிச்சை என்றால் என்ன?

பேசித் தீர்க்க முடியாததை நடித்துப் பார்த்து அணுகுவது. சுருக்கமாக இவ்வளவுதான். பயிற்சி பெற்ற ஒருவர், ஒரு நபரோடோ சின்னக் குழுவோடோ, கதை, வேஷம், பொம்மை, முகமூடி, விளையாட்டு ஆகியவற்றை வைத்து வேலை செய்வார். நோக்கம் மேடையேற்றம் கிடையாது. கைதட்டல் கிடையாது, பார்வையாளர்கூட வேண்டியதில்லை. உள்ளே அடைந்து கிடக்கும் பயம், கோபம், துக்கம் வெளியே வந்து, அதை அந்த நபரே பார்த்துப் புரிந்துகொள்ள ஒரு பாதுகாப்பான இடம் வேண்டும். அதை ஏற்படுத்தித் தருவதுதான் வேலை.

இதன் வேர்களில் ஒருவர் ஜேக்கப் மொரேனோ. 1921-ல் வியன்னாவில் ஒத்திகை இல்லாத, அந்த நேரத்துக்குத் தோன்றியதை நடிக்கும் அரங்கைத் தொடங்கினார். பிறகு அமெரிக்கா போய் அதையே 'சைக்கோடிராமா' என்ற சிகிச்சை முறையாக வளர்த்தார். சைக்கோடிராமாவில் ஒருவர் தன் சொந்த வாழ்க்கைச் சம்பவத்தையே நேரடியாக நடித்துப் பார்ப்பார். நாடக சிகிச்சை அதற்குப் பக்கத்து வீடு. இங்கே பெரும்பாலும் வேறொரு கதைக்குள், வேறொரு பாத்திரத்துக்குள் போய்த்தான் தன் விஷயத்தைத் தொடுவார்கள். பிரிட்டனில் இதற்கான சங்கம் 1976-ல் வந்தது. அமெரிக்காவில் 1979-ல்.

மாத்திரைக்கு மாற்றாக இதை யாராவது விற்றால் நம்பாதீர்கள். மருந்து தேவைப்படுகிறவர்களுக்கு மருந்துதான் முதலில். நாடகம் அதோடு சேர்ந்து நடக்கலாம்.

செஞ்சிக்கு இது ஏன் அந்நியமில்லை?

2025 ஜூலையில் யுனெஸ்கோ 'மராத்திய ராணுவ நிலப்பரப்புகள்' என்று 12 கோட்டைகளை உலகப் பாரம்பர்யப் பட்டியலில் சேர்த்தது. அதில் மகாராஷ்டிராவுக்கு வெளியே இருக்கும் ஒரே கோட்டை நம்ம செஞ்சி. அதற்குப் பிறகு ராஜகிரி படிக்கட்டில் ரீல்ஸ் எடுக்கிறவர்கள் கூடிவிட்டார்கள். ஆனால் கோட்டையைச் சுற்றியிருக்கும் ஊர்களில் இன்னொரு சொத்து இருக்கிறது. திரௌபதி அம்மன் கோயில்களும், அங்கே நடக்கும் பாரதக் கூத்தும்.

அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டெபைட்டல் திரௌபதி வழிபாட்டைப் பற்றி 1988-ல் வெளியிட்ட பெரிய நூலின் துணைத் தலைப்பிலேயே 'செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை' என்ற பொருள் வரும். செஞ்சிக்குப் பக்கத்தில் இருக்கும் மேலச்சேரி கோயிலைத்தான் இந்த வழிபாட்டின் ஆதி இடமாகப் பல ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள் என்று அவர் பதிவுசெய்தார். உலகம் முழுக்க நாடகமும் சடங்கும் படிக்கிறவர்கள் தேடிப் படிக்கிற ஊர் இது.

திருவிழா எப்படி நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து. வில்வளைப்பு, துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம் என்று ஒவ்வொரு ராத்திரியும் ஒரு கதை. கடைசியில் படுகளம். மண்ணால் பெரிதாகச் செய்து படுக்கவைத்த துரியோதனன் உருவத்தைச் சுற்றி ஊரே நிற்கும். ஒப்பாரி கேட்கும். திரௌபதி சபதம் முடிந்து கூந்தல் முடிவாள். மாலையில் தீமிதி.

அந்த ஒப்பாரி நேரத்தில் கூட்டத்தைக் கவனியுங்கள். மண் பொம்மைக்காக அழுகிறோம் என்று அங்கே யாரும் நினைப்பதில்லை. போன வருஷம் பிள்ளையைப் பறிகொடுத்தவர் இருப்பார். கணவனை இழந்து, வீட்டில் வாய்விட்டு அழ முடியாதவர் இருப்பார். "இவ்ளோ நாளாச்சு, இன்னுமா அழுற?" என்று அன்றைக்கு அவரைக் கேட்க ஆளில்லை. அழுவதற்கு ஊர் அனுமதி கொடுத்த நாள் அது.

கூத்தின் அமைப்பிலேயும் இந்தப் பாதுகாப்பு இருக்கிறது. திரைப் பிரவேசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ராஜா வேஷம் திடீரென்று மேடைக்கு வந்து விழாது. இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். உள்ளிருந்து பாட்டு வரும், கிரீடம் தெரியும், பிறகுதான் முகம். கட்டியங்காரன் "தாங்கள் யார்?" என்று கேட்பான். வேஷக்காரர் தன்னைப் பற்றியே யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோலப் பெருமையாகச் சொல்வார். கதை ரொம்பக் கனமாகும்போது அதே கட்டியங்காரன் ஒரு நையாண்டி அடித்துக் கூட்டத்துக்கு மூச்சுவிட இடம் கொடுப்பான். விடிந்ததும் தேங்காய் எண்ணெய் வைத்து அரிதாரத்தைத் துடைத்து, துரியோதனன் மறுபடி உங்க ஊர்க்காரர் ஆகிவிடுவார்.

நாடக சிகிச்சைப் பாடத்தில் இதற்கெல்லாம் பெயர் இருக்கிறது. பாத்திரத்துக்கும் நமக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை நியூயார்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் லேண்டி 'அழகியல் தூரம்' என்று எழுதினார். ரொம்பத் தள்ளி நின்றால் எதுவும் உறைக்காது. ரொம்ப நெருங்கினால் உணர்ச்சி ஆளை அடித்துக்கொண்டு போய்விடும். இரண்டுக்கும் நடுவில் நின்றால் அழவும் முடியும், அழுகிறோம் என்று உணரவும் முடியும். அமர்வு முடிந்ததும் பாத்திரத்தை விட்டு வெளியே வரச் செய்வதும் அங்கே கட்டாயப் பகுதி. நம்ம பாஷையில் சொன்னால், வேஷம் கலைப்பது.

அப்போ கூத்தே சிகிச்சைதானா?

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். கூத்து ஒரு வழிபாடு, ஒரு கலை, பல குடும்பங்களின் தொழில். அதைச் சிகிச்சை என்று பெயர் மாற்றினால் கூத்துக்கும் நல்லதில்லை, சிகிச்சைக்கும் நல்லதில்லை.

துகிலுரிதல் ராத்திரியில் சிலருக்கு ஆவேசம் வரும். துரியோதனன், துச்சாதனன் வேஷக்காரர்களையே நாலு பேர் பிடித்து நிறுத்த வேண்டி வரலாம். ஊர்ப் பெரியவர்கள் விபூதி வைப்பார்கள், தண்ணீர் தெளிப்பார்கள், மடியில் சாய்த்துக்கொள்வார்கள். அடுத்த நாளும் அதே ஊரில், அதே மனிதர்கள் நடுவில்தான் அவர் இருப்பார். ஊரே அவரைத் தாங்கும்.

சென்னையில் ஏசி ஹாலில், 20 அந்நியர்களோடு நடக்கும் ஞாயிற்றுக்கிழமை வொர்க்‌ஷாப்பில் இந்தத் தாங்கல் இல்லை. அங்கே ஒருவருக்குப் பழைய காயம் திறந்துவிட்டால், சாயங்காலம் அவர் தனியாக மெட்ரோ ஏறி வீட்டுக்குப் போக வேண்டும். ராத்திரி 2 மணிக்கு அவருக்கு என்ன ஆகும்? காயத்தைத் திறக்க நல்ல நடிகருக்கே தெரியும். அதை மூடி, பத்திரமாக வீட்டுக்கு அனுப்பத் தெரிந்தவர்தான் சிகிச்சையாளர். இந்தப் படிப்புக்கு ஏன் இத்தனை வருடம் என்று யாராவது கேட்டால், இதுதான் காரணம்.

ஓர் உதாரணம்: மகபத்கானாக நின்று பார்ப்பது

ஓர் அமர்வு எப்படி இருக்கும் என்று புரிய, நம்ம ஊர்க் கதையையே எடுத்துக்கொள்வோம். 1714-ல் ஆற்காடு நவாப் படையோடு மோதி உயிர்விட்ட தேசிங்கு ராஜன் கதை உங்களுக்குத் தெரியும். கதைப்பாடல்படி, அவன் நண்பன் மகபத்கான் தன் கல்யாணத்தை அப்படியே விட்டுவிட்டுப் போருக்கு ஓடி வருகிறான்.

நண்பனை விபத்தில் இழந்த 16 வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். "உனக்கு எப்படிடா இருக்கு?" என்று கேட்டால், "ஒண்ணும் இல்ல" என்பான். மூன்று மாதமாக அதே பதில்.

சிகிச்சையாளர் முதலில் உடம்பைத் தளர்த்தும் சின்ன விளையாட்டுகள் வைப்பார். பிறகு தேசிங்கு கதையைப் பேசுவார்கள். "மகபத்கானுக்குச் செய்தி வருது. அவன் குதிரை ஏறுறதுக்கு முன்னாடி என்ன நினைச்சிருப்பான்?" பையன் மகபத்கானாக நின்று ஒரு வரி சொல்வான். "நான் கூட இருந்திருந்தா அவன் தனியாப் போயிருக்க மாட்டான்." மூன்று மாதமாக வராத வாக்கியம் அது. ஆனால் சொன்னது மகபத்கான். பையனுக்குப் பாதுகாப்பு அங்கேதான். உடனே பாய்ந்து, "உன் ஃபிரெண்டைத்தானே சொல்ற?" என்று கேட்டால் அந்தக் கதவு மூடிக்கொள்ளும். அவனாகச் சொல்லும் வரை கதைக்குள்ளேயே இருக்க வேண்டும். கடைசியில் பாத்திரத்தை விட்டு வெளியே கொண்டுவந்து, அவன் பெயரைச் சொல்லி, இன்றைக்கு என்ன கிழமை, வீட்டுக்கு எப்படிப் போவாய் என்று இயல்புக்குத் திருப்புவார்கள்.

நடிக்கவைப்பது கொஞ்ச நேர வேலை. எப்போது பேசாமல் இருப்பது, எப்போது நிறுத்துவது, எப்போது மனநல மருத்துவரிடம் அனுப்புவது என்று தெரிவதற்குத்தான் பயிற்சி.

தமிழில் இதை ஏற்கெனவே செய்தவர்கள்

இதெல்லாம் வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். இலங்கையில் போர் நடந்த காலத்திலேயே யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர்களும் நாடகக்காரர்களும் ஒரே காயத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போர் மனங்களில் விட்ட வடுக்களைப் பற்றி நூல்கள் எழுதினார். குழந்தை ம. சண்முகலிங்கத்தின் 'அன்னை இட்ட தீ' நாடகம் அதே மனக்காயத்தை மேடையில் பேசியது. க. சிதம்பரநாதன் தன் அரங்கக் குழுவோடு, மக்கள் தங்கள் வேதனையைத் தாங்களே வெளிப்படுத்தும் அரங்கப் பட்டறைகளை நடத்தினார். மட்டக்களப்பில் சி. ஜெயசங்கர் 2000-களில் சீலாமுனைக் கிராம மக்களோடு சேர்ந்து கூத்தை மீளுருவாக்கம் செய்தார். பாட்டுகளில் பெண்களையும் சாதியையும் இழிவாகச் சொல்லும் இடங்களைப் பற்றி ஊரோடு உட்கார்ந்து பேசி மாற்றிய முயற்சி அது.

தமிழ்நாட்டில், சென்னையில் டாக்டர் அம்பிகா காமேஷ்வர் 1989-ல் தொடங்கிய 'ராசா' அமைப்பு, சிறப்புத் தேவை உள்ள குழந்தைகளோடு நாடகம், நடனம், இசை வழியாக வேலை செய்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த பரசுராம் ராமமூர்த்தி, 'வேள்வி' அமைப்பு மூலம் ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு நாடகத்தையும் முகமூடியையும் பயன்படுத்தினார். இவர்கள் யாரும் "குணமாக்கிடுவோம்" என்று சொல்லி ஆரம்பித்தவர்கள் இல்லை. கண்ணைப் பார்த்துப் பேசுவது, தன் முறைக்குக் காத்திருப்பது, ஓர் உணர்ச்சிக்குப் பெயர் சொல்வது என்று சின்னச் சின்ன இலக்குகள்தான் இந்த வேலையின் அளவுகோல்.

சரி, எங்கே படிப்பது? மூன்று படி

படி 1: நிகழ்கலை. செஞ்சிக்காரர்களுக்கு மிக அருகில் இருப்பது புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகம். காலாப்பட்டில், ஈ.சி.ஆர் ஓரம். தமிழ் நாடகத் தலைமையாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1922-ல் மறைந்தது புதுச்சேரியில்தான். அவர் பெயரிலேயே அங்கே நிகழ்கலைப் பள்ளி தொடங்கப்பட்டது. அதைத் தொடக்கத்தில் வழிநடத்தியவர் எழுத்தாளர் இந்திரா பார்த்தசாரதி. நாட்டுப்புறக் கலைஞரும் 'வடு' தன்வரலாற்றை எழுதியவருமான கே.ஏ. குணசேகரன் அங்கே பேராசிரியராக இருந்தார். நாடகத்தில் இரண்டு வருட எம்.பி.ஏ இங்கே இருக்கிறது. சேர்க்கை சியுஇடி பி.ஜி நுழைவுத்தேர்வு வழியாக. அந்தந்த வருட அறிவிப்பைத் தேசியத் தேர்வு முகமை தளத்திலும் பல்கலைக்கழகத் தளத்திலும் மட்டும் பாருங்கள். வாட்ஸ்அப் ஃபார்வர்டை நம்பி தேதியைத் தவறவிட வேண்டாம்.

தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் நாடகத்துறை இன்னொரு வழி. நவீனத் தமிழ் நாடகத்தின் முக்கிய ஆசானான சே. இராமானுஜம் பணியாற்றிய துறை அது. கொஞ்சம் தள்ளிப் போகத் தயார் என்றால், கோழிக்கோடு பல்கலைக்கழகம் 1977-ல் திருச்சூரில் தொடங்கிய நாடகப் பள்ளி, ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தின் நாடகத் துறை, டெல்லியில் 1959-ல் தொடங்கிய தேசிய நாடகப் பள்ளியின் மூன்று வருட டிப்ளமோ ஆகியவை இருக்கின்றன.

இந்தப் படிப்புகள் உங்களை நடிகராக, இயக்குநராக, ஆசிரியராக, ஆய்வாளராக ஆக்கும். சிகிச்சையாளர் ஆக்காது. இதை மனதில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: உளவியல். இங்கே செஞ்சிக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. அதே காலாப்பட்டு வளாகத்தில் பயன்பாட்டு உளவியல் துறையும் உண்டு. விருப்பப் பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை அங்கே இருப்பதால், நாடகம் படிக்கும்போதே உளவியல் துறை விருப்பப் பாடங்களில் உங்களுக்கு இடம் கிடைக்குமா என்று முதல் செமஸ்டரிலேயே கேளுங்கள். 

சிறப்புக் குழந்தைகளோடு வேலை செய்வதுதான் ஆசை என்றால், சிறப்புக் கல்வியையும் யோசியுங்கள். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த படிப்புகள் அங்கே நடக்கின்றன. அந்தச் சான்றிதழ் கையில் இருந்தால் சிறப்புப் பள்ளிகளில் வேலை உறுதியாகத் தேடலாம். நாடகம் உங்கள் கூடுதல் பலம்.

படி 3: நாடக சிகிச்சைப் பயிற்சி. பிரிட்டனில் 'டிராமாதெரபிஸ்ட்' என்ற பெயரையே சட்டம் பாதுகாக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட முதுநிலைப் படிப்பு முடித்து, அரசு ஒழுங்குமுறை அமைப்பில் பதிவு செய்தவர் மட்டுமே அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். லண்டனில் ரோஹாம்டன் பல்கலைக்கழகம், ராயல் சென்ட்ரல் நாடகப் பள்ளி ஆகியவை இதில் பேர்பெற்றவை. அமெரிக்காவில் நியூயார்க் பல்கலைக்கழகமும், கனடாவில் மான்ட்ரியலின் கன்கோர்டியாவும் அப்படியே. பிரிட்டன் படிப்பில் ஒரு விதி உண்டு. மாணவர் தானும் சிகிச்சைக்குப் போக வேண்டும். மற்றவர் காயத்தைத் தொடும் முன் தன் காயம் எங்கே என்று தெரிந்திருக்க வேண்டுமாம்.

செலவு பெரியது. கல்விக்கடன் வாங்கி நேராக லண்டன் போவதற்கு முன், படி 1, 2 முடித்து, இங்கே குறைந்தது இரண்டு வருடம் களத்தில் வேலை பாருங்கள். அனுபவம் இருக்கும் விண்ணப்பத்துக்குத் தனி மதிப்பு. இந்த வேலை உங்களுக்கு ஒத்துவருமா என்றும் அதற்குள் தெரிந்துவிடும். இந்தியாவுக்குள் சைக்கோடிராமா, நடன அசைவு சிகிச்சை, கலைவழிச் சிகிச்சை ஆகியவற்றில் டிப்ளமோ, சான்றிதழ் படிப்புகள் சென்னை, மும்பை போன்ற நகரங்களில் நடக்கின்றன.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

2021-ல் வந்த துணை மற்றும் சுகாதாரத் தொழில்வல்லுநர்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் கலை, நடனம், அசைவு சிகிச்சையாளர்களுக்கு ஒரு வரி இடம் கிடைத்திருக்கிறது. நாடகம் என்ற சொல் அங்கே தனியாக இல்லை. பிரிட்டன் மாதிரி, 'நாடக சிகிச்சையாளர்' என்று போர்டு மாட்டுகிறவரைத் தடுக்கும் ஏற்பாடு இங்கே இன்னும் வரவில்லை. ஆனால் 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று சொல்லிக்கொள்ள மறுவாழ்வு கவுன்சில் பதிவு வேண்டும். ஆகவே உங்கள் விசிட்டிங் கார்டில் உங்களிடம் எந்தப் படிப்பு இருக்கிறதோ அதை மட்டும் போடுங்கள். 'அரங்கப் பயிற்றுநர்' என்பது மரியாதையான பெயர்தான்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

இன்ஸ்டாவில் "3 நாளில் டிராமா தெரபிஸ்ட் ஆகுங்கள்" என்று விளம்பரம் வந்தால், கீழே உள்ளவற்றைக் கேட்டுப் பாருங்கள். பாதிக்கு மேல் மழுப்பினால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பலாம்.

1. பாடம் நடத்துகிறவர் எங்கே, எத்தனை வருடம் பயிற்சி எடுத்தவர்?
2. மொத்தப் பயிற்சி எத்தனை மணி நேரம்? அதில் உண்மையான நபர்களோடு வேலை செய்வது எவ்வளவு?
3. நான் அமர்வு நடத்தும்போது மேற்பார்வைக்கு ஆள் உண்டா?
4. அமர்வில் ஒருவர் நிலைகுலைந்தால் என்ன செய்வீர்கள்? எந்த மருத்துவரிடம் அனுப்புவீர்கள்?
5. பங்கேற்பவர் பேசியதை யாரிடமும் சொல்லக்கூடாது, வீடியோ எடுக்கக்கூடாது என்ற விதி எழுத்தில் இருக்கிறதா?
6. இந்தச் சான்றிதழை வைத்து என்ன வேலை செய்யலாம், எது செய்யக்கூடாது?

ஆறாவது கேள்விக்கு "எல்லாமே செய்யலாம்" என்று பதில் வந்தால் அதுதான் அபாய மணி.

வீட்டுக் கேள்வி: சோறு போடுமா?

உண்மையைச் சொல்லிவிடுவோம். "நாடக சிகிச்சையாளர் தேவை" என்று அரசு விளம்பரம் வரும் காலம் இன்னும் வரவில்லை. இந்தத் துறையில் இருப்பவர்கள் பலரும் இரண்டு, மூன்று வேலையைச் சேர்த்துத்தான் வாழ்க்கை நடத்துகிறார்கள். சிறப்புப் பள்ளியில் வாரம் மூன்று நாள், முதியோர் இல்லத்திலோ போதை மீட்பு மையத்திலோ ஒரு நாள், சனி ஞாயிறு குழந்தைகள் நாடக வகுப்பு, நடுவில் ஒரு தொண்டு நிறுவன புராஜெக்ட். தமிழ்நாடு அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடக்கும் கலைத் திருவிழாவுக்குப் பிறகு, பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லித்தருகிறவர்களின் தேவை தெரிய ஆரம்பித்திருக்கிறது. எம்.பி.ஏ-வுக்குப் பிறகு நெட் தேர்வு, முனைவர் பட்டம் என்று போனால் கல்லூரி ஆசிரியர் வழியும் உண்டு.

உளவியல் அல்லது சிறப்புக் கல்விப் பட்டம் கையில் இருப்பவருக்கு மாதச் சம்பளம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். நாடகப் பட்டம் மட்டும் வைத்திருப்பவருக்கு அலைச்சல் அதிகம். வீட்டில் பேசும்போது இந்தக் கணக்கைக் காட்டுங்கள். "எனக்கு ஆர்வம்" என்று மட்டும் சொன்னால் சண்டை வரும். "முதல் அஞ்சு வருஷ பிளான் இது" என்று காகிதத்தில் எழுதிக் காட்டினால் பேச்சு தொடரும்.

கூத்து வாத்தியாரை மறக்க வேண்டாம்

பட்டம் வாங்கிவிட்டு ஊருக்கு வந்து, கூத்தில் இருந்து நாலு அடவும் இரண்டு முகமூடியும் எடுத்து, "என் புது மெத்தட்" என்று நகரத்தில் கட்டணம் வாங்குவது நடக்கக்கூடிய தப்பு. யாரிடம் கற்றீர்களோ அவர் பெயரைச் சொல்லுங்கள். அவரை அழைத்துப் பாடம் எடுக்கவைத்தால் அவருக்கும் சன்மானம் கொடுங்கள். சாமிக்கு ஆடும் பகுதியை அதன் இடத்திலேயே விட்டுவிடுங்கள். துகிலுரிதலை வொர்க்‌ஷாப் பயிற்சியாக மாற்றுவது, அதைப் போன்ற வன்முறையை அனுபவித்த ஒருவருக்கு எப்படி இருக்கும் என்று முதலில் யோசியுங்கள்.

பெண் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. கூத்து நெடுங்காலம் ஆண்களே ஆடி வந்த கலை. காஞ்சிபுரத்தில் பெ. ராஜகோபால் முன்னின்று 1990-ல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம், பிறகு குருகுலம் நடத்திப் பெண் பிள்ளைகளையும் கிரீடம் கட்டி ஆடவைத்தது. "பொண்ணு கூத்தாடலாமா?" என்று யாராவது கேட்டால், பதில் சொல்ல உங்களுக்கு முன்னாடியே ஆட்கள் இருக்கிறார்கள்.

இந்த வருடமே செய்யக்கூடிய 5 வேலை

* சித்திரை, வைகாசியில் பக்கத்து ஊரில் பாரதம் வைத்தால், செல்போனைப் பையில் போட்டுவிட்டு ஒரு முழு ராத்திரி உட்கார்ந்து பாருங்கள். கூட்டம் எப்போது சிரிக்கிறது, எப்போது அமைதியாகிறது என்று மறுநாள் குறித்து வையுங்கள். நாடகத் துறை நேர்காணலில் இது உதவும்.
* ஒரு கூத்து வாத்தியாரிடம் ஒரு பாட்டும் ஓர் அடவும் முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள்.
* பக்கத்தில் உள்ள சிறப்புப் பள்ளியில் அனுமதி கேட்டு, மாதம் இரண்டு நாள் ஆசிரியருக்கு உதவியாளராக இருங்கள். முதல் ஆறு மாதம் சிகிச்சை என்ற சொல்லே வாயில் வரக் கூடாது. பார்ப்பது மட்டும்தான்.
* சியுஇடி பி.ஜி-யின் பழைய வினாத்தாள்களைத் தரவிறக்கிப் பாருங்கள்.
* காலாப்பட்டு வளாகத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். செஞ்சியிலிருந்து திண்டிவனம் போய் பஸ் மாறினால், காலையில் கிளம்பி மாலையில் வீடு திரும்பும் தூரம்தான். நிகழ்கலைத் துறையில் மாணவர்களிடம் பேசுங்கள், அவர்கள் ஒத்திகையைப் பாருங்கள்.

இன்னொன்று. இந்தப் படிப்பைத் தேடுகிற பலர், தங்களுக்கே ஒரு வலி இருப்பதால்தான் தேடுகிறார்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் படிப்பை மருந்தாக நினைத்து வர வேண்டாம். முதலில் உங்களுக்கான உதவியைக் கேளுங்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். மனம் கொஞ்சம் நிலைப்பட்ட பிறகு விண்ணப்பம் போடுங்கள். ஒரு வருடம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை, நுழைவுத்தேர்வு அடுத்த வருடமும் வரும்.